பாலம் கடக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங், கூலாய் வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்,

ஜொகூர் நீரிணையின் குறுக்கே கிடக்கும் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1923இல் ரயில்கள் ஓடத் தொடங்கி, 1924 ஜூன் 28இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாதையின் தூரம் ஆரோக்கியமான ஒருவருக்குக் கால் மணி நேர நடை. வேலை நாளின் காலையிலும் மாலையிலும் அதையே கடக்க ஒரு மணி நேரம் ஆகிறது, சில நாள் இரண்டு மணி நேரம் ஆகிறது. பெருநாளுக்கு முந்திய மாலை என்றால் கணக்கே இல்லை. 1998இல் கேலாங் பாத்தா பக்கம் இரண்டாவது பாலம் வந்தபோது துவாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சுற்று குறைந்தது. நெரிசல் மட்டும் போகவில்லை. இரு பாலங்களிலும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள்.

இவ்வளவு பேர் ஏன் போகிறார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1973 மே மாதம் வரை இரு நாட்டு வெள்ளியும் சரிக்குச் சரி. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் வீட்டுக் கடன் அடைபடுகிறது, பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, வயதான பெற்றோருக்கு மருந்து வருகிறது. இந்த உழைப்பு மரியாதைக்குரியது. அதை விட்டுவிடச் சொல்லும் அறிவுரை எதுவும் இந்த மடலில் இல்லை. வேலையும் தூரமும் சம்பளமும் இருக்கிறபடியே இருக்க, அன்றாடத்தில் எவற்றைச் சிறிது மாற்றினால் மனம் லேசாகும் என்பதே இங்கே பொருள்.

மனம் பணத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். சம்பளம் கூடிய முதல் சில மாதங்களில் இருக்கும் நிறைவு, புதுக் கார், புதுச் சமையலறை, பெரிய தொலைக்காட்சி என்று உருமாறி ஆண்டுக்குள் சாதாரணமாகிவிடுகிறது. நெரிசல் அப்படிப்பட்டதல்ல. இன்று நாற்பது நிமிடம், நாளை தொண்ணூறு நிமிடம் என்று அது நாளுக்கு நாள் மாறுவதால் மனம் அதற்குப் பழகுவதே இல்லை. டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சஸில் வேலைபார்க்கும் 909 பெண்கள் முந்திய நாளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மனநிலை எப்படி இருந்தது என்று பதிவுசெய்தார்கள். பட்டியலின் கடைசியில் நின்றது வேலைக்குப் போகும் காலைப் பயணம். வேலை முடிந்து பிறரோடு கூடிப் பேசும் நேரம் மேலே இருந்தது. ஜெர்மன் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற இரு பொருளியலாளர்கள் 2008இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: நீண்ட தூரம் போய்வருகிறவர்களின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருக்கிறது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை முழுதாக ஈடுசெய்வதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளிது. எப்போதோ ஒருமுறை வாங்கும் பெரிய பொருளைவிட, தினமும் திரும்பத் திரும்ப வரும் சிறிய தொல்லையைக் குறைப்பதுதான் அதிகப் பலன் தரும். புது வீடு வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். இன்னும் ஓர் அறை கிடைக்கிறது என்று பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்புத் தாமானுக்குப் போகும் முன், அந்தப் பத்து கிலோமீட்டரை வாரத்தில் ஐந்து நாள், போகவும் வரவும் கடக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் தூக்கம். மற்ற எல்லா மாற்றமும் இதன்மேல்தான் நிற்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு நான்கு மணிக்கு அலாரம் அடிக்கிறது. இரவு பத்தரைக்குப் படுத்தவருக்கு அது ஐந்தரை மணி நேரத் தூக்கம். ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனையில், இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே தூங்க விடப்பட்டவர்கள் இரண்டு வாரத்தில், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்கள் அளவுக்குக் கவனம் குன்றிப்போனார்கள். இதில் அஞ்ச வேண்டிய பகுதி வேறு: தங்களுக்கு அவ்வளவு தூக்கக் கலக்கம் இல்லை என்றே அவர்கள் நினைத்தார்கள். "எனக்குப் பழகிடுச்சு" என்று சொல்லும் மோட்டார்க்காரரின் நிலையும் இதுதான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். ஆகவே இது மகிழ்ச்சிக்கு முன் உயிரைப் பற்றிய விஷயம்.

சீக்கிரம் படுக்க வேண்டும் என்று தீர்மானித்தால் மட்டும் தூக்கம் வராது. அது சாப்பாட்டு நேரத்தோடு கட்டுண்டது. ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டால் பத்துக்குப் படுக்க முடியாது. வீட்டார் ஏழரை, எட்டுக்குள் சாப்பாட்டை முடிப்பது, தாமதமாகத் திரும்புகிறவர் சிங்கப்பூரிலேயே மாலையில் பசியாறிவிட்டு வீட்டில் லேசாக எதையாவது எடுத்துக்கொள்வது, கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுவது, அலாரத்துக்கென்று பத்து, பதினைந்து ரிங்கிட்டில் ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குவது ஆகிய இவை சேர்ந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்கும். கைப்பேசியே அலாரமாக இருக்கும்வரை படுக்கையில் அதை நோண்டும் பழக்கம் போகாது.

காலை நான்கு மணிக்கு எதையும் தேடக்கூடாது. நேற்றைய மழையில் நனைந்த மழைக்கோட்டு இன்னும் ஈரமாகக் குளியலறைக் கம்பியில் தொங்குகிறது. கடப்பிதழ் எந்தச் சட்டைப் பையில் இருக்கிறது என்று நினைவில்லை. சாலைக் கட்டண அட்டையில் பணம் இருக்கிறதா தெரியவில்லை. விளக்கைப் போட்டால் பிள்ளை எழுந்துவிடும். இந்தப் பத்து நிமிடப் பதற்றம் அன்றைய மனநிலையைத் தீர்மானித்துவிடுகிறது. தாமதமாகக் கிளம்பினால் பாலத்தில் வரிசையும் நீண்டிருக்கும். வாசல் அருகே ஒரு கூடை, சுவரில் இரண்டு ஆணி போதும். கடப்பிதழ், அட்டைகள், சாவி, ஹெல்மெட், காய்ந்த மழைக்கோட்டு எல்லாம் இரவே அங்கே சேர்ந்துவிட வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் 2024 மார்ச்சில் கார் பயணிகளுக்குத் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த கியூஆர் குறியீட்டு முறையைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் குறியீட்டையும் இரவே தயாராக வைத்துக்கொள்ளலாம். கடப்பிதழ் கையில் இருந்தாக வேண்டும் என்பது மாறவில்லை.

அதே நான்கு மணிக்கு, சில வீடுகளில் அதற்கும் முன்பே, அடுப்படியில் விளக்கு எரிகிறது. போகிறவரைப் பற்றிப் பேசும்போது எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுப்பவரை மறந்துவிடுகிறோம். அவருக்கும் அதே தூக்கக் குறைவு. வாரத்தில் இரண்டு நாளாவது சமையலுக்கு ஓய்வு கொடுத்து நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ வாங்கிச் சாப்பிடுவதை ஊதாரித்தனம் என்று எண்ண வேண்டாம். சம்பால், துவையல், வறுத்த வெங்காயம் போன்றவற்றை ஞாயிறன்று அரைத்து வைத்துவிட்டால் மற்ற நாள்களிலும் வேலை பாதியாகும்.

புறப்படும் நேரத்தையே மாற்ற முடியுமா என்று பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் முறைப்படி எழுதிக் கேட்டால், முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலத்தை முடித்தவர்கள் கேட்கலாம். முதலாளி ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழிற்சாலை ஷிஃப்டில் இருப்பவருக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் அலுவலகம், கிடங்கு, பராமரிப்பு வேலைகளில் எட்டு மணிக்குப் பதில் ஏழுக்கோ பத்துக்கோ தொடங்க முடிந்தால் பாலத்தில் நிற்கும் நேரமே வேறாகிவிடும். ஒரு பக்கக் கடிதம் எழுத ஆகும் உழைப்புக்கு இது பெரிய பலன்.

பயணத்தின்போது செய்யக்கூடியவை போகும் விதத்தைப் பொறுத்தவை. மோட்டார் ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர வேறெதிலும் கவனம் கூடாது. அவருக்கு எந்த உபாயமும் சொல்வதற்கில்லை. கம்பெனி வேனிலும் பேருந்திலும் போகிறவர்கள் தூங்கலாம், அல்லது பேசலாம். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோ புறநகர் ரயில்களில் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசச் சொல்லப்பட்டவர்களின் பயணம் மற்றவர்களுடையதைவிட இனிமையாக அமைந்தது. இதே நிலையில் தம்மை வைத்து எண்ணிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களோ, பேசினால் பயணம் சுகமாக இராது என்றே எதிர்பார்த்திருந்தார்கள். ஒரே வேனில் ஆண்டுக்கணக்காகப் போய்வந்தும் ஒருவர் ஊர் இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது இங்கேயும் உண்டு. காலையில் தூக்கம், மாலையில் பேச்சு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

வீடு திரும்பியபின் வரும் முதல் அரை மணி நேரம், இந்தக் குடும்பங்களுக்கு நாளிலேயே விலைமதிப்புள்ள நேரம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை எழும் முன்னே அப்பா போய்விடுகிறார். பல வீடுகளில் அம்மாவும்தான். மாலை அவர் வந்து சேரும்போது வீட்டுப்பாடம் முடிந்திருக்கும், பிள்ளையின் கண் சொக்கிக்கொண்டிருக்கும். அந்த அரை மணியில் வழக்கமாக நடப்பது என்ன? பாலத்தில் சேர்ந்த எரிச்சல் முதலில் கொட்டப்படுகிறது, பிறகு கட்டணங்களின் பேச்சு, பிறகு ஆளுக்கொரு கைப்பேசி. இதை மாற்ற மூன்று காரியங்கள் போதும். வந்தவுடன் குளித்து உடை மாற்றும் பத்து நிமிடத்துக்கு வந்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற ஏற்பாடு ஒன்று. பணம், பழுது, பள்ளியிலிருந்து வந்த புகார் ஆகியவற்றைப் பிள்ளை தூங்கியபிறகோ சனிக்கிழமையிலோ பேசுவது இரண்டாவது. பிள்ளையோடு தினமும் செய்யும் ஒரு சின்ன வேலை மூன்றாவது. மறுநாள் கால அட்டவணையைப் பார்த்துப் புத்தகப் பையை இருவருமாக அடுக்குவது நல்ல வேலை. ஐந்து நிமிடம்தான் ஆகும். பள்ளியில் நடந்தவை அந்த ஐந்து நிமிடத்தில் தானாக வெளியே வரும். "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் வராத பதிலெல்லாம், கணக்குப் புத்தகத்தைப் பைக்குள் வைக்கும்போது வந்துவிடும்.

சாப்பாடும் இதில் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை ஒரு முழு அத்தியாயத்தைக் கூடி உண்பதற்கு ஒதுக்கியது. 140க்கும் மேற்பட்ட நாடுகளின் தரவுகளில், பிறரோடு சேர்ந்து அடிக்கடி உண்பவர்களின் வாழ்க்கை நிறைவு கூடுதலாக இருந்தது. வருமானத்துக்கும் நிறைவுக்கும் உள்ள தொடர்பைப் போலவே இதுவும் வலுவான தொடர்பு. வேலை நாளில் எல்லாரும் ஒன்றாக உட்கார முடியாவிட்டால், தாமதமாக வருகிறவர் உண்ணும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் தேநீரோடு உட்காரலாம். தட்டை மூடி வைத்துவிட்டு எல்லாரும் படுத்துவிடும் வீட்டில், திரும்பி வருகிறவருக்கு உழைப்பின் பொருளே புரியாமல் போகிறது.

வார இறுதியைப் பற்றி ஜொகூர்க்காரர்கள் தனியாகப் பேச வேண்டும். 2014 தொடக்கத்திலிருந்து பதினோரு ஆண்டுகள் மாநிலத்தின் விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். ஞாயிறன்று அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளை பள்ளியில் இருக்கும். வெள்ளியன்று பிள்ளை வீட்டில் இருக்கும், அப்பா பாலத்தில் இருப்பார். சனிக்கிழமையும் வேலை செய்கிறவருடைய குடும்பத்துக்கு ஒன்றாக இருக்க ஒரு முழு நாளும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூர் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது. ஓர் அரசாணை இவ்வளவு குடும்பங்களின் கையில் ஒரு பொது நாளைக் கொடுத்திருக்கிறது. அந்த நாள் ஓவர்டைமிலும் பேரங்காடியிலும் கரைந்துபோகாமல் காப்பது குடும்பத்தின் வேலை.

முழு நாளையும் திட்டமிட வேண்டாம். அது இன்னொரு சுமை. ஒரு வேளையை மட்டும் நிலையாக்கினால் போதும். ஜாலான் உங்கு புவானில் உள்ள ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே பசியாறித் திரும்பும் ஞாயிற்றுக் காலையாக அது இருக்கலாம். டாங்கா பே கரையோரத்தில் ஒரு மாலை நடையாக இருக்கலாம். குளுவாங் பக்கம் உறவினர் இருந்தால் குனோங் லம்பாக் அடிவாரத்தில் ஒரு காலை. பிரிட்டனில் சுமார் 20,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது மரஞ்செடிகளுக்கு இடையே கழிப்பவர்கள் நல்ல உடல்நலமும் மனநலமும் உடையவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்வது அதிகமாக இருந்தது. அதை ஒரே நேரத்தில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. தாமான் திடலைச் சுற்றி நடப்பதற்குச் செலவும் இல்லை.

விடுப்பையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவிடுவது நல்லது. தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை. சிங்கப்பூரில் 1968இல் அந்த விடுமுறை நீக்கப்பட்டது. பொங்கலுக்கு இரண்டு பக்கமும் விடுமுறை இல்லை. தைப்பூசம், பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா ஆகிய மூன்றையும் நாள்காட்டியில் குறித்து முன்கூட்டியே விடுப்புக் கேட்டால், பிள்ளைக்கு எதிர்பார்ப்பும் சேர்ந்து கிடைக்கிறது. எதிர்பார்ப்பின் இன்பம் குறைந்ததல்ல. 2010இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்களின் மகிழ்ச்சி புறப்படும் முன்தான் உயர்ந்திருந்தது. திரும்பியபின் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டனர்.

பணத்தைச் செலவழிக்கும் விதத்திலும் சிறு மாற்றத்துக்கு இடமுண்டு. ஆஷ்லி வில்லன்ஸும் சக ஆய்வாளர்களும் 2017இல் காட்டியது இது: பிடிக்காத வேலைகளிலிருந்து விடுபடப் பணம் கொடுத்து நேரத்தை வாங்குகிறவர்களின் வாழ்க்கை நிறைவு, வருமானம் எப்படியிருந்தாலும், கூடுதலாக இருந்தது. வான்கூவரில் நாற்பது டாலரைக் கொடுத்துச் சோதித்தபோதும், நேரம் மிச்சமாகும் செலவே பொருள் வாங்குவதைவிட அதிக மகிழ்ச்சி தந்தது. ஜொகூர்த் தாமான்களில் கடைவரிசைதோறும் இருக்கும் டோபிக் கடையில் சில ரிங்கிட்டுக்கு ஒரு வாரத் துணியைத் துவைத்துக் காயவைத்துவிடலாம். சனிக்கிழமைக் காலை முழுவதும் கொடியடியில் நிற்பவருக்கு அது ஒரு காலைப் பொழுதைத் திருப்பித் தருகிறது. நம் வீடுகளில் இத்தகைய செலவை வீண் என்பார்கள். ஆயிரக்கணக்கில் புது சோபா வாங்குவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். பிறருக்காகச் செலவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. எலிசபெத் டன் குழுவினர் 2008இல் செய்த சோதனையில், ஐந்து டாலரோ இருபது டாலரோ பிறருக்காகச் செலவிட்டவர்கள், தமக்கே செலவிட்டவர்களைவிட அன்று மாலை மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகையின் அளவு அதை மாற்றவில்லை.

தாமான் வாழ்க்கையில் ஒன்று தொலைந்திருக்கிறது. ஜொகூர்த் தமிழர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டிகள் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருந்தவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நண்பகலை ஒட்டி ரப்பர் பால் நிறுப்பு, மாலையில் கோயில் வாசலும் திடலும். அந்த வாழ்க்கையில் வறுமையும் அடக்குமுறையும் இருந்தன. அதை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் லயத்து வீட்டில் அண்டை அயல் கேட்காமலே கிடைத்தது. தாமானில் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டின் வயதுவந்தோர் வளர்ச்சி ஆய்வு, முதுமையில் நலமாகவும் நிறைவாகவும் இருப்பதோடு நெருங்கிய உறவுகளுக்கு வலுவான தொடர்பு உண்டு என்று காட்டியிருக்கிறது. நெருக்கம் சிறியவற்றில் தொடங்குகிறது: பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு, பாசார் மாலாமுக்குப் போகும்போது அடுத்த வீட்டுப் பாட்டியையும் அழைத்துப்போவது, பள்ளிக்குப் பிள்ளைகளை முறைவைத்துக் கொண்டுபோய் விடுவது. கடைசியாகச் சொன்னது மூன்று குடும்பங்களுக்கு வாரத்தில் பல காலைப் பொழுதுகளை மிச்சப்படுத்தும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால் எதுவும் நிற்காது. ஒன்றை மட்டும் எடுத்து, ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு அதைக் கட்ட வேண்டும். "இனி சீக்கிரம் படுப்பேன்" என்பது நிற்பதில்லை. "சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் கைப்பேசியை அலமாரியில் வைப்பேன்" என்பது நிற்கும். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, இன்னும் சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது எந்தக் கேட்டையும் செய்யவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடர்வதுதான் முறை.

இவை எவையும் நெரிசலைத் தீர்க்கப்போவதில்லை. அது இரு அரசுகளின் பொறுப்பு. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்பட்டுவந்த நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், ஐந்து நிமிடத்தில் கடந்து, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை கொண்டுசெல்லும்படி வடிவமைக்கப்பட்டது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். அதனால் மிச்சமாகும் நேரம் தூக்கத்துக்கா, பிள்ளைக்கா, இன்னொரு ஓவர்டைமுக்கா என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒதுக்கி வைக்காத நேரத்தை வேலை எடுத்துக்கொள்ளும்.

சிறு மாற்றங்களுக்கு எட்டாத துயரமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுதல், காரணமின்றி அழுகை, ஓயாத எரிச்சல், குடி கூடுதல், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் போன்றவை தெரிந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555.